ஒற்றைக்கால் கொக்கு

மூன்று மணித் தபால் பையின் கழுத்தைக் கட்டி, அரக்கும் வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குள் ஒரு வெளிநாட்டுக் கடிதத்தை நீட்டினான் ராஜமாணிக்கம்.

"பை கட்டியாச்சு. நாளைக்குத்தான் போவும்" என்றார் தபால் குமாஸ்தா சுப்புராயன்.

முகவரியைப் படித்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பின்லாந்தில், கலைக்கும் டிசைனுக்கும் என்றே இருக்கிற ஒரு பல்கலைக்கழகம். பெறுநர், கோதண்டபாணி.

விருத்தாசலத்தில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை.

ராஜமாணிக்கம் பீங்கான் பட்டறையில் பொம்மை செய்கிறவன். அறுபத்தெட்டாம் வருஷம், மணிமுத்தாற்றில் பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு ஒரு கொக்கு செய்தான். முழ உயரம். நிற்பது ஒற்றைக்காலில். அந்தக் காலும் சுண்டுவிரல் கனம்தான்.

பலகைமேல் நின்ற கொக்கை சூப்பர்வைசர் கோதண்டபாணி பார்த்தான். பார்த்தவன் சும்மா போகவில்லை. கடைத்தெருவிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வந்தான். பளபளப்பாகத் தெரிய வேண்டுமென்று கொக்குக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னான்.

"ஆபீஸ் பைலுக்கு" என்றான்.

பைல் பின்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது, கோதண்டபாணி செய்த கொக்கு என்று. பின்னாலேயே உபகாரச் சம்பளத்தில் ஆளும் போனான்.

கொக்கு என்னவாயிற்று என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. போட்டோ கிடைத்தபின் கொக்கு எதற்கு?

ஜங்ஷனில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். அவனுடைய ட்ரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றியது ராஜமாணிக்கம். "உனக்கு ஒரு நல்ல பிரஷ் வாங்கியாறேன்டா" என்று கோதண்டபாணி அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். பெட்டி போய்விட்டது. பாரம் மட்டும் அந்தத் தோளிலேயே தங்கிவிட்டது.

மூன்று வருடம் பிரஷ்ஷும் இல்லை, சேதியும் இல்லை. போன வாரம் கோதண்டபாணிக்குத் திடீரென்று ஒரு தம்பி பிறந்தான். 'அன்புத் தம்பி ராஜமாணிக்கத்துக்கு' என்று ஆரம்பித்தது கடிதம். அதைப் படித்துக் காட்டச் சொல்லாமலே சுப்புராயன் படித்திருந்தார். வெளிநாட்டு ஸ்டாம்பு அவருக்கு, சேதி ராஜமாணிக்கத்துக்கு என்று பேச்சு. சுப்புராயன் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

சேதி இதுதான்.

இப்படியொரு கால் சூளை நெருப்பில் நிற்காது, வளைந்துவிடும் என்கிறார்களாம் அங்கே பேராசிரியர்கள். நான் ஊரில் செய்ததுதானே என்று கோதண்டபாணி போட்டோவைக் காட்டி அடித்துப் பேசியிருக்கிறான். நல்லது, எங்கள் கண்முன் செய்து, சுட்டு, நிற்கவைத்துக் காட்டு, அதுதான் கடைசிப் பரீட்சை என்று சொல்லிவிட்டார்களாம்.

மண் கலவை என்ன, காலின் கனம் என்ன, எத்தனை நாள் உலர்த்தினாய், எல்லாம் எழுது. சூளையைப் பற்றி எழுத வேண்டாம், இங்கே கரண்டுச் சூளை, உனக்குப் புரியாது. இருபதாம் தேதிக்குள் உன் பதில் வராவிட்டால் கொக்கை விட்டுவிட்டு ஏதாவது பூச்சாடி செய்து ஒப்பேற்றிவிடுவேன். டிப்ளமோவோடு நம் பட்டறைக்கே டிசைன் அதிகாரியாக வருகிறேன். உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

கவனித்துக்கொள்வான். அதில் ராஜமாணிக்கத்துக்குச் சந்தேகமே இல்லை. காலையில் சலாம் போட வைப்பான், சாயங்காலம் பெட்டி தூக்க வைப்பான்.

"என்னாடா எழுதியிருக்கற?"

"கேட்டதெல்லாம் எழுதியிருக்கறண்ணே."

"பொய்யா?"

"ஒரு பொய்கூட இல்லீங்க. மண்ணு எத்தினி பங்கு, கல்லுப் பொடி எத்தினி பங்கு, நெழல்ல நாலு நாளு காயணும், எல்லாம் நெசம். சூளையப் பத்தி எழுத வாணாம்னாரு, எழுதல."

சுப்புராயன் கடிதத்தை மேஜைமேல் விட்டெறிந்தார்.

"ஏன்டா, உனக்கு ரோசம்னு ஒண்ணு இருக்குதா? உன் கொக்கத் திருடிக்கிட்டு ஓடுனவனுக்கு வழித்துணைக்கு நீயே போறியா? கூலிக்காரனாட்டம் பெட்டி தூக்கினப்பவே நெனச்சேன். இருபதாந்தேதிக்குள்ள போவாது இது. நான் போவ வுட மாட்டேன்."

ராஜமாணிக்கம் பையைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்றைக்குத் தவறவிட்டால் இருபதாம் தேதி தாண்டிவிடும். கோதண்டபாணி பூச்சாடி செய்து தப்பித்துவிடுவான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருந்தது. ஜன்னல் கம்பிக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோனான்.

"அந்த போட்டோ எடுத்தப்ப கொக்கு பச்ச மண்ணுண்ணே. சூளைக்கே போவல."

சுப்புராயன் விட்டெறிந்த கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"அப்புறம்? சூளைல வெச்சு எடுத்திருப்பியே, அந்தக் கொக்கு எங்க?"

"வூட்டுக் கொல்லையில கெடக்குதுங்க. ஒண்ணு இல்ல, பதினோரு கொக்கு. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒண்ணுகூட நிக்கல."

சுப்புராயன் கடிதத்தைத் திருப்பி முகவரியை மறுபடி படித்தார்.

"வெல பேசி வாங்குறவன்தாண்ணே மாட்டோட பல்லப் புடிச்சுப் பாப்பான். திருடுறவன் எங்க பாக்கறான்?"

சுப்புராயன் முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, கடிதத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். போதாதென்று இன்னொரு தரமும் குத்தினார்.

அப்புறம் குனிந்து, அரக்கை உடைத்து, பையின் கட்டை அவிழ்த்தார்.