மாதா காலடியில் குளிசைகள்

குருநகர் மத்தியான வெயில் வலைக் கண்களின் வழியே சிசிலியாவின் மடியில் சிதறிக் கிடக்கிறது. வலை பொத்தும் ஊசி அவள் விரல்களுக்குள் நிற்கவில்லை. இந்தப் புழுக்கத்திலும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறாள். தலையைத் திருப்பும்போதெல்லாம் சுவரும் கூடவே சுழல்கிறது. புருசன் மரியதாசன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். காய்ச்சல் இல்லை, குளிர்ந்த வியர்வைதான். தைலம் எடுக்கப் போனவன், மாதா சுரூபத்தின் காலடியில் வெள்ளைக் குளிசைகளைக் காண்கிறான். மனச்சோர்வுக்கென்று இரண்டு வருடமாக அவள் விழுங்கி வந்த மாத்திரைகள். விபூதிப் புதனிலிருந்து நாளுக்கு ஒன்றாக, ஒன்பது. "இதை ஏனடி நிப்பாட்டினனீ? சடாரெண்டு விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே?" "தபசு காலமெல்லே, ஆண்டவருக்கெண்டு எதையாவது விடவேணும். நீங்களும் சுருட்டை விட்டனீங்கள்தானே." "சுருட்டும் குளிசையும் ஒண்டே? இறைச்சியை விடுறன், சீனியை விடுறன் எண்டு நேந்திருக்கலாமே." அவள் அடுக்களைப் பக்கம் பார்க்கிறாள். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வரத் தடை விழுந்த நாளிலிருந்து சீனிப் போத்தல் கழுவிக் கவிழ்த்தபடியே இருக்கிறது. இறைச்சிச் சட்டியில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. குமட்டி வந்த ஓங்காளம் அடங்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு அமைதியாகக் கேட்கிறாள்: "விடுறதுக்கு என்னட்டை வேறை என்ன கிடந்தது?"