எந்த ஒக்கோ?

சோட்டுண்டே பத்திரிகையைக் கையில் எடுத்ததும் டைரோ குற்றவாளிக் கூண்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

லாகோஸில் இத்தனை வருடமாகப் பத்திரிகை நடத்துகிறவர், கவர்னரையே பெயர் சொல்லித் திட்டி எழுதியவர், இப்போது கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன் ஒருவனுடைய வாயைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாயைப் பற்றி அவர் வாராவாரம் எழுதியிருக்கிறார். ‘துரையின் நாக்கு’ என்பதுதான் அவருடைய பத்திரிகை சோட்டுண்டேவுக்கு வைத்த பெயர். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவன் பிள்ளைகளைக்கூடப் பள்ளிக்கூடத்தில் ‘குட்டி நாக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

வழக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

‘வியாழக்கிழமை எல்லோரும் ஒக்கோவோடு வரி ஆபீஸ் முன்னால் கூடுங்கள்’ என்று தலையங்கம் முடிந்திருந்தது.

எங்கள் யொருபா மொழியில் ஒக்கோ என்றால் மண்வெட்டி. ஈட்டியும் ஒக்கோதான். கட்டிய புருஷனும் ஒக்கோதான். கடைசியில் குரலை உயர்த்தினால் மண்வெட்டி, முழுக்கத் தாழ்த்தினால் ஈட்டி, ஏற்றாமல் இறக்காமல் விட்டால் புருஷன்.

அச்சில் எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு போட்டால் குழப்பமே இல்லை. டைரோவின் அச்சகத்தில் கோடு போட்ட எழுத்துகள் எப்போதோ தேய்ந்துவிட்டன. நம் ஜனங்களுக்கு எதற்குக் கோடு, படித்தால் தெரியாதா என்று அவரும் புதிதாக வாங்காமல் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மீனவர்கள் ஈட்டியோடு வந்து நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. வரி ஆபீஸ் குமாஸ்தாக்கள்தான் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள்.

மண்வெட்டி என்றால் டைரோ வீட்டுக்குப் போகலாம். தலையங்கத்தில் பாதி, சாக்கடை தூர்ந்துபோய்க் கிடப்பதைப் பற்றியதுதான். ஈட்டி என்றால் ராஜத்துரோகம். அவருக்கு ஜெயில், அச்சு இயந்திரம் ஏலத்துக்கு.

வெள்ளைக்கார நீதிபதிக்கு மூன்று ஒக்கோவும் ஒரே மாதிரிதான் கேட்கும். அவருக்குச் சோட்டுண்டேதான் காது.

“கடைசி வரியைப் படித்து அர்த்தம் சொல்” என்றார் நீதிபதி.

“புருஷனைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பாரு! எங்க வீட்டுது சோத்துக்குக் கூப்பிட்டாத்தான் வரும்” என்றாள் பெண்கள் பெஞ்சில் ஒருத்தி. பெஞ்சே குலுங்கியது. நீதிபதி மேஜையைத் தட்டினார். அவளுக்குப் பக்கத்தில் இருந்த அபெனி மட்டும் சிரிக்கவில்லை. அபெனி டைரோவின் மனைவி, எபுட்டே ஏரோ சந்தையில் மீன் விற்பவள். விடிந்ததிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

சோட்டுண்டே கண்ணாடியைத் துடைத்தான். அவசரமே இல்லாமல் துடைத்தான்.

டைரோவின் சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த நிமிடம் அவர் கடவுளிடம் கேட்டது நாட்டுக்கு விடுதலை அல்ல. இந்த ஆள் குரலை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

சோட்டுண்டே படித்தான். கடைசியில் குரல் மேலே போனது.

“மண்வெட்டி, துரை. மண்ணு வெட்டுற மண்வெட்டிதான்.”

டைரோ கம்பியிலிருந்து கையை எடுத்தார். அந்த நாக்குக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று நினைத்தார். அடுத்த இதழிலேயே, முதல் பக்கத்திலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

“நீ எழுதியது அதுதானா?” என்று நீதிபதி அவரைக் கேட்டார்.

“ஆமாம் துரை, மண்வெட்டிதான்” என்றார் டைரோ. குரல் கீச்சென்று வந்தது.

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். சோட்டுண்டே குனிந்து அவரிடம் மெதுவாக என்னவோ சொன்னான். நீதிபதி தலையாட்டினார். அப்புறம்தான் சோட்டுண்டே டைரோவின் பக்கம் திரும்பினான். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

“துரை ஒண்ணு கேக்கச் சொல்றாரு. நீங்க எழுதுனது மண்வெட்டி. சரி. மீன் சந்தையில அதை ஈட்டின்னு உரக்கப் படிச்சுச் சொன்னது யாரு?”

டைரோவின் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். யாராவது ஒருவர் உரக்கப் படிக்க, சந்தையே சுற்றி நின்று கேட்கும். எபுட்டே ஏரோவில் படிப்பது யார் என்று லாகோஸுக்கே தெரியும்.

பெண்கள் பெஞ்சைப் பார்த்துவிடக் கூடாது என்று டைரோ தரையைப் பார்த்தார். முடியவில்லை.

அபெனி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“நாந்தான் துரை படிச்சேன். எனக்கு அரைகுறைப் படிப்பு. அவரு மண்வெட்டின்னு எழுதுனதை ஈட்டின்னு தப்பாப் படிச்சுப்புட்டேன்.”

டைரோ வாயைத் திறந்தார். ஜெயில் என்ற நினைப்பு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பயத்தை அவர் எந்தத் தலையங்கத்திலும் எழுதியதில்லை.

காவலர் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார். டைரோ இறங்கினார். அவள் ஏறினாள். ஏறும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று காலையில், சந்தைக்குக் கிளம்பும்போது அவள் கேட்டிருந்தாள், இது எந்த ஒக்கோ என்று. டைரோ கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலை முழுக்கத் தாழ்த்திச் சொல்லிக்காட்டினார். சந்தையில் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று அவளையும் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார்.