ஞானஸ்நானத் தேதி

“அண்ணே, அம்மா பேரு இதுல இல்லையே” என்றார் பாஸ்டர் இராஜமாணிக்கம்.

ஜெயசீலன் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சபை கரோல் பாக்கில் வாடகை ஹாலில் நடந்த காலத்திலிருந்து எழுதிவரும் பதிவேடு அது. மூலைகள் மடங்கிப் பழுத்திருந்தன.

அவர் பெயர் இருந்தது. 1962, ஏப்ரல். தங்கை இளவரசி, தம்பிகள், பிறகு மருமகள்கள், பேரன் பேத்திகள். குடும்பத்தில் பதினேழு பேர். பதினேழு பேரையும் கூட்டிவந்தவள் அம்மா பாப்பம்மாள்தான்.

அவள் பெயர் மட்டும் இல்லை.

நினைவு ஆராதனைக்கு இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது. ஜனக்புரி சபைக்குள் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை அவர்தான் வாசிக்க வேண்டும். பிறப்பு, திருமணம், பிள்ளைகள், எண்பத்து நான்கு வயதில் மரணம் எல்லாம் எழுதியாகிவிட்டது. ஞானஸ்நானத் தேதிக்குத்தான் பாஸ்டரைக் கேட்டிருந்தார்.

“வேற ஊர்ல எடுத்திருப்பாங்களோ?”

“வேற ஊரு ஏது பாஸ்டர்? இங்க வந்தப்புறம்தானே விசுவாசத்துக்கு வந்தாங்க.”

சொல்லிக்கொண்டே பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பைபிளை இருபத்து மூன்று தடவை முழுதாக வாசித்தவள். டி.டி.சி. பஸ்ஸில் இடம் கிடைத்தால் கண்டக்டருக்காக ஜெபித்தவள். தண்ணீரில் முழுகி எழாதவனுக்குக் கர்த்தருடைய பந்தியிலும் இடமில்லை, பரலோகத்திலும் இடமில்லை என்று பேரன்களை மிரட்டியவள்.

அவருக்கு ஓக்லாவில் யமுனைக் கரை ஞாபகம் வந்தது. பதினைந்து வயதில் ஞானஸ்நானம் எடுத்து நடுங்கிக்கொண்டு கரையேறியபோது அம்மா துண்டோடு நின்றாள். இளவரசிக்கும் துண்டோடு நின்றாள். எப்போது நினைத்துப் பார்த்தாலும் கரையில்தான் நின்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் பந்தி பரிமாறும் நேரத்தில் அவள் எங்கே இருந்தாள்? பின்கட்டில். சின்னக் கோப்பைகளில் திராட்சை ரசம் ஊற்றிக்கொண்டு, திரும்பி வந்தவற்றைக் கழுவிக்கொண்டு. அவள் ஒரு கோப்பை எடுத்துக் குடித்துப் பார்த்த ஞாபகமே இல்லை.

இத்தனை வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அவரும்தான்.

வாசலில் சாவித்திரி மாமி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கரோல் பாக்கில் முப்பது வருஷம் அடுத்த போர்ஷனில் இருந்தவள். நெற்றியில் குங்குமத்தோடு சபைக்குள் நுழையத் தயங்கி நின்றாள்.

ஜெயசீலன் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பீடிகை எதுவும் போட வரவில்லை.

“மாமி, அம்மா ஏன் ஞானஸ்நானம் எடுக்கலை?”

மாமி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நோக்குத் தெரியாதா? ஒங்கப்பா எடுத்துக்கலையேடா.”

அப்பா. சிவஞானம். செக்ரடேரியட்டில் குமாஸ்தா. கடைசிவரை திருநீறு பூசினவர். ஞாயிறுதோறும் அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வெளியே நிற்பது யாரென்று நண்பர்கள் கேட்டால் ஜெயசீலன் நழுவியிருக்கிறார். அப்பா போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

“அவர் வராத எடத்துக்கு நான் மட்டும் போயி என்ன மாமி பண்றதும்பா. கொழந்தேள்லாம் பரலோகம் போய்ச் சேர்ந்தாப் போறும், நான் அவரோட எங்கயோ இருந்துட்டுப் போறேன்னா. ஒரு தரம் இல்லை, பத்துத் தரம் சொல்லியிருக்கா.”

மாமிக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

ஜெயசீலனோ அவள் கையை விடவில்லை. அப்படியானால் இனி அம்மாவைப் பார்க்கவே முடியாதா? தெரிந்தேதான் எல்லோரையும் அந்தப் பக்கம் அனுப்பிவைத்தாளா? கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. கொஞ்சம் அப்பாமீது பொறாமையாகக்கூட இருந்தது. ஐம்பத்தேழு வயதில் இதென்ன என்று வெட்கமாகவும் இருந்தது.

“அண்ணா, ஜல்தி வா, பாட்டு முடியப்போகுது” என்றாள் இளவரசி.

மேடையேறி வாசித்தார். பிறப்பு வந்தது, திருமணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்து, ஞானஸ்நான வரி காலியாக இருந்தது.

சபை காத்திருந்தது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவர் தாளை மடித்தார்.

“எங்கம்மா அப்பாகிட்டப் போயிட்டாங்க” என்றார்.

பாஸ்டர் இராஜமாணிக்கம் கண்களை மூடி, “ஸ்தோத்திரம் அப்பா” என்று மேல்நோக்கிக் கையை உயர்த்தினார்.

“ஆமென்” என்றது சபை முழுவதும்.