மூன்றாவது ஈரம்

"இது மச்சமா?" என்று கல்யாணமான புதிதில் பரணி கேட்டான். இடது மார்புக்குக் கீழே இருந்த சின்னக் காம்பைப் புடவையால் மூடிக்கொண்டு சுகந்தி சிரித்தாள். "எங்கம்மாவுக்கும் இருக்கு. பொண்ணு பொறந்தா அவளுக்கும் இருக்கும், பாருங்க."

பெண்தான் பிறந்தாள், மூச்சில்லாமல். பார்த்தால் சுகந்தி தாங்கமாட்டாள் என்று, அவளுக்கு மயக்கம் தெளியும் முன்பே ஆண்கள் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

மாத்திரையில் இரண்டு மார்பும் வற்றிவிட்டன. அந்தச் சின்னக் காம்பு மட்டும் அடங்காமல் ரவிக்கையை நனைத்துக்கொண்டே இருந்தது. பரணி தினமும் பஞ்சை மடித்து நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். பன்னிரண்டாம் நாள் அவள் பஞ்சை வாங்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே அவளைத் துணியில சுத்துனீங்க. அவளுக்கும் இங்க இருந்துச்சா? சொல்லுங்க."