அரைக்கட்டை இறக்கி

"சார், முதல் ஆல்பத்துல வாசிச்ச அதே சுருதியில வைங்களேன். ஏன் இப்படி இறக்கிட்டே போறீங்க?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் மைக்கில் கேட்டான்.

கிட்டார்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. திருகைத் திருகிக் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே இருந்தார்.

நாலே ஆல்பம் போட்ட ராக் குழு அது. அமோகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கலைந்துபோனது. அந்த நாலையும் கம்பெனி இப்போது மறுபடி வெளியிடுகிறது, கூடவே புதிதாக ஒரு பாட்டு. அதைப் பாடத்தான் பழைய பாடகர் வந்துகொண்டிருக்கிறார். அவர் வேறு யாருமில்லை, கிட்டார்காரர் மனைவியின் சொந்த அண்ணன்.

"நாலையும் கேட்டுட்டேன் சார். ரெண்டாவதுல சுருதியை அரைக்கட்டை இறக்கியிருக்கீங்க, மூணாவதுல ஒரு கட்டை. நாலாவதுல கம்பி துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது. அப்பப்பா, என்ன கனம் அந்தச் சத்தத்துல! எங்க செட்ல இன்னும் அதைத்தான் பேசிட்டிருக்கோம். எப்படி சார் தோணுச்சு?"

"ஒரு மண்ணும் தோணல தம்பி. எல்லாம் என் மச்சான் தொண்டைக்காக."

இன்ஜினியர் எழுந்து உள்ளேயே வந்துவிட்டான்.

"ரெண்டாவது ஆல்பம் ரெக்கார்டிங். உச்சத்துல பாடறப்போ அவன் குரல் உடைஞ்சுது. மறுபடி பாடினான், மறுபடியும் உடைஞ்சுது. பாடறவன்கிட்ட போய், உன் தொண்டை போச்சுடான்னு சொல்ல முடியுமா? உயிரையே விட்டுடுவான். இப்பல்லாம் கனமான சத்தம்தான் எடுபடுதுன்னு கதை விட்டு, அரைக்கட்டை இறக்கினேன். வீட்டுலகூட மூச்சு விடல. அடுத்த ஆல்பத்துல அந்தச் சுருதியிலயும் உடைஞ்சுது. இன்னும் இறக்கினேன்."

"நாலாவதுக்கு அப்புறம்?"

"இறக்க இடமில்ல. இன்னும் பாடினா குரல் சுத்தமா போயிடும்னு பயம். எனக்கு அலுத்துப்போச்சு, கலைச்சிடலாம்னு சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல, தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். இப்ப டயர் கடை வெச்சிருக்கான். வீட்டுக்கு வந்தா தங்கச்சியோட மணிக்கணக்கா பேசுவான், என்கிட்ட வெறும் 'சௌக்கியமா'தான். பாவி நான், பாட்டே மூச்சுன்னு இருந்தவனைக் கொண்டுபோய் டயர் கடையில உக்கார வெச்சுட்டேன்."

அடுத்த கம்பியையும் தளர்த்தினார்.

"இன்னைக்காவது அவன் மானத்தோட பாடிட்டுப் போகணும். அதான் இறக்கி வைக்கிறேன். நீ தப்பித்தவறி வாயைத் திறந்துடாதே."

சொல்லி முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. பாடகர் வந்தார். தலை நரைத்திருந்தது, வயிறு தள்ளியிருந்தது. நேராக வந்து கிட்டார் கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"இன்னும் இறக்கித்தான் வெச்சிருக்கியா மாப்ள?" என்று முணுமுணுத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார்.

"சத்தத்தோட அளவு பாக்கணும் சார், ஏதாவது பாடுங்க" என்றான் இன்ஜினியர்.

பாடகர் கண்ணை மூடினார். முதல் ஆல்பத்தின் உச்ச வரியை, அதே பழைய கட்டையில், துளி பிசிறில்லாமல் பாடி முடித்தார்.

கிட்டார்காரர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மச்சான், இந்தக் குரல்தானே அன்னைக்கு உடைஞ்சுது!"

பாடகர் சங்கடமாகச் சிரித்தார்.

"அது வேணும்னே உடைச்சதுடா மாப்ள. கம்பி அழுத்தி அழுத்தி உனக்கு விரல் வலி தாங்கலன்னு தங்கச்சி வந்து அழுதா. கம்பியைத் தளர்த்துடான்னு சொன்னா கேப்பியா நீ, ரோஷக்காரன்! என் தொண்டை சரியில்லன்னா நீயே இறக்கிடுவேன்னு தெரியும். அப்பவும் வலி குறையலன்னு அவ சொன்னதும், அடுத்ததுலயும் உடைச்சேன். கடைசில நீ அலுத்துப்போச்சுன்னதும், சரி, விரல் சுத்தமா முடியல, சொல்ல நீ வெக்கப்படறேன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் உன்கிட்ட பாட்டைப் பத்தி எந்த முகத்தோட பேசறது? அது போகட்டும், இப்ப விரல் எப்படி இருக்கு?"

கிட்டார்காரரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"விரலுக்கு என்னைக்கும் ஒண்ணும் வந்ததில்ல மச்சான். உன் தங்கச்சி பாத்திரம் தேய்க்கச் சொல்றப்பல்லாம், விரல் வலின்னு புளுகுவேன்."