எட்டு மீட்டர்

அந்த நேரத்தைப் பார்த்ததுமே பயிற்சியாளர் விசில் சாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். சீசன் தொடக்கத்தில் அவருடைய மாணவி சிட்டுவை விட ஆறு விநாடி பின்னால் இருந்த எதிர்க் கல்லூரிப் பெண், இந்த வாரம் அரை விநாடி முன்னால் வந்திருந்தாள்.

முன்னால் என்பதும் காகிதத்தில்தான். இந்த சீசனில் இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் கால் வைக்கவே இல்லை. நோய் பரவும் காலம் என்பதால் கல்லூரிகள் ஒன்றுகூடத் தடை. அவரவர் மைதானத்தில் அவரவர் ஓட வேண்டும். பயிற்சியாளரே நேரம் குறித்து, வீடியோவோடு தடகளச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சீசன் முடிவில் யாருடைய நேரம் குறைவோ, அவருக்குத் தேசிய முகாமில் இடம். இருப்பது ஒரே ஓர் இடம். அதற்காகச் சிட்டு ஒரு வருடப் படிப்பையே தள்ளிப் போட்டிருந்தாள்.

சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வீடியோவை இருபது தடவை பார்த்தார். கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்படியென்றால் மைதானத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். தூரத்தைக் குறைத்தால் நேரம் தானாகக் குறையாதா?

அன்று மாலையே சங்கத்துக்குப் புகார்க் கடிதம் தயார். அதில் மூன்று கோரிக்கைகள். தூரம் குறைந்த மைதானத்தில் எடுத்த நேரங்களை ரத்து செய்ய வேண்டும். மாணவியை நடுவர் முன்னிலையில் வேறு மைதானத்தில் மறுபடி ஓட வைக்க வேண்டும். மைதானத்தை அளந்த பயிற்சியாளரைச் சீசன் முடியும்வரை நீக்க வேண்டும்.

கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்கு முன் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? எதிர்க் கல்லூரிப் பயிற்சியாளர் மேடத்துக்குப் போன் போட்டு, உங்கள் மைதானத்தை ஒரு தடவை அளந்து பார்க்கலாமா என்று தேன் தடவிக் கேட்டார்.

மேடம் கோபப்படவில்லை. "தாராளமா வாங்க சார். உங்க மைதானத்தை அளந்தீங்களே, அந்த டேப்பையே கொண்டு வந்துடுங்க."

கோபப்படாதவர்கள் மேல் சாருக்கு எப்போதுமே சந்தேகம். நல்லவள் வேஷம் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

டேப்பைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முழு அடைப்பில் கோடு போடும் மைதானக்காரர் வர முடியாமல் போனபோது, ஸ்டோர் ரூமில் கிடந்த அதைத் தேடி எடுத்து, வாட்ச்மேனை அதன் முனை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, எட்டு இழுப்பில் தன் மைதானத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டவர் அவர்தான்.

மறுநாள் காலை இருவரும் முகக்கவசத்தோடு மைதானத்தில் இறங்கினார்கள். வளையம் மேடத்தின் கையில், டேப் சுற்றிய உருளை சாரின் கையில். நடுவில் ஐம்பது மீட்டர் டேப். எந்த அரசாங்கமும் கேட்காத இடைவெளி.

எட்டு இழுப்பு என்றால் நானூறு மீட்டர், ஒரு சுற்று. எட்டாவது இழுப்பு முடிவதற்குள் தொடக்கக் கோடு வந்துவிடும், மாட்டிக்கொள்வார்கள் என்று சார் காத்திருந்தார். எட்டும் முடிந்தது. கோடு இன்னும் எட்டு மீட்டர் தள்ளி இருந்தது.

குறையும் என்று வந்தால் கூடுகிறதே! அப்படியானால் அந்தப் பெண் அதிக தூரம் ஓடியும் ஜெயித்திருக்கிறாளா? சார் மறுபடி அளக்கச் சொன்னார். மேடம் முகம் சுளிக்காமல் இன்னொரு சுற்று வந்தார். மறுபடியும் அதே கணக்கு.

மேடம் வளையத்தைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "இந்த முனையைப் பாருங்க சார்."

பார்த்தார். வளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எண் பூஜ்யம் இல்லை, ஒன்று. எப்போதோ கிழிந்த முதல் மீட்டரை யாரோ வெட்டிவிட்டு, வளையத்தை நூலால் கட்டியிருந்தார்கள். மைதானக்காரருக்கு அது தெரிந்திருக்கும். அந்த ஒன்றைக் கழித்துத்தான் அளந்திருப்பார். சார் கழிக்கவில்லை. இழுப்புக்கு ஒரு மீட்டர், எட்டு இழுப்புக்கு எட்டு மீட்டர்.

இந்த மைதானம் சரிதான். தூரம் குறைந்தது அவருடைய மைதானத்தில்தான். சிட்டு சீசன் முழுக்க ஓடியது குறைந்த தூரம்.

சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க வீடியோல அவ காலடியை எண்ணினேன் சார். போன வருஷம் இங்க வந்து ஓடினப்போ இருந்ததை விட, சுத்துக்கு நாலு கம்மி. டேப்பாத்தான் இருக்கும்னு தோணுச்சு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நம்பியிருப்பீங்களா சார்?"

சார் டேப்பைச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே, சங்கத்துக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"எழுதினா உங்க பொண்ணைத்தான் திருடின்னு சொல்லுவாங்க. அவ செஞ்சது ஓடினது மட்டும்தான். அளந்தது அவளா? அதான், அந்த நேரத்தையும் மிஞ்சுற மாதிரி என் பொண்ணைத் தயார் பண்ணேன். ரெண்டு மாசம் ஆச்சு."

இன்றைக்கே கோட்டைத் திருத்திவிடுங்கள், அளந்ததையே நான் மறந்துவிடுகிறேன் என்றும் மேடம் சொன்னார். சீசன் முடிய இரண்டு வாரம்தான். யாருக்கும் தெரியப் போவதில்லை.

சார் தலையாட்டினார். பிறகு ஒரு பேனா கிடைக்குமா என்று கேட்டார்.

மேடம் பேனாவைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். சார் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று கோரிக்கைகளையும் நிதானமாகப் படித்தார். அவற்றில் ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை. மேடத்தின் கல்லூரிப் பெயரை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் தன் கல்லூரிப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.