பாய்மரக் கோடு

“மேஜையை ஆட்டாதேன்னு சொன்னா கேக்க மாட்டியா?”

டாக்டர் போட்ட சத்தத்தில், எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது வயது மகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

“நான் தொடவே இல்லப்பா!”

குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்து மூன்றாவது நாள். ஏரியைப் பார்த்த வாடகை வீடு. வராந்தா மேஜையில் அப்பாவும் மகளும் குவாஷ் வண்ணத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் காலேஜ் நாளிலிருந்தே நன்றாக வரைவார். ஏரி வந்துவிட்டது, படகும் வந்துவிட்டது. பாய்மரம் மட்டும் வருவேனா என்றது. மெல்லிய பிரஷ்ஷால் நேராக ஒரு கோடு இழுத்தால், அது புழு மாதிரி நெளிந்தது.

“தொடாம எப்படி ஆடும்? பேயா வந்து ஆட்டுச்சு?”

மகள் தன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குவாஷில் ஒரு வசதி. கெட்டியான வண்ணம். தப்பு வந்தால், காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு பூசினால் போதும், மறைந்துவிடும். டாக்டர் கோணல் பாய்மரத்தின் மேல் வானத்து நீலத்தை அப்பினார். அது காயும்வரை வலது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரமாகவே காலையில் காபிக் கோப்பை தட்டில் இடிபட்டுச் சத்தம் போடுகிறது. தூக்கம் போதவில்லை, வேலை அதிகம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. நாலு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் இந்த விடுமுறையே.

அவர் கண் அறுவை சிகிச்சை நிபுணர். திங்கட்கிழமை ஒரு தையல்காரருக்கு ஆபரேஷன். அந்த மனிதருக்குப் பார்வை இருப்பதே ஒரு கண்ணில்தான். முடியளவு பிசகினால் போயிற்று.

வானம் காய்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷை வைத்தார். பாதிக் கோட்டில் மேஜை கிடுகிடுவென்று ஆடியது. சட்டென்று நிமிர்ந்தார். மகளின் கை மேஜை விளிம்பில் இருந்தது.

“பிடிச்சேன் பாரு! ஆட்டறதையும் ஆட்டிட்டு பொய் வேறயா?”

“சாரிப்பா.”

“சாரியாம் சாரி! எழுந்து போ உள்ளே. இன்னிக்கு உனக்குப் படமும் கிடையாது, படகு சவாரியும் கிடையாது.”

மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். சத்தம் கேட்டு வாசற்படிக்கு வந்த மனைவி, “என்னங்க, லீவுக்கு வந்த இடத்துல குழந்தையைப் போய்...” என்று இழுத்தாள்.

“நீ சும்மா இரு. எல்லாம் நீ குடுக்கற செல்லம். வாய் கூசாம பொய் சொல்றா!”

வாய் திட்டினாலும் டாக்டருக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. அப்பாடா, மேஜைதான்! கை இல்லை. காபிக் கோப்பையெல்லாம் வெறும் மனப்பிரமை. திங்கட்கிழமை ஆபரேஷனை ஜம்மென்று முடித்துவிடலாம்.

உற்சாகமாக மறுபடி நீலம் பூசிக் காயவிட்டார். மூன்றாவது தடவையாகப் பிரஷ்ஷை எடுத்தார்.

மேஜை அசையவில்லை. பிரஷ் கழுவும் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை.

கோடு நெளிந்தது.

கையைத் தூக்கிக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்தார். பிரஷ்ஷின் நுனி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி நீலத்தைத் தொடப் போனவர், தொடவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியில் இருந்த இளைய டாக்டரைக் கூப்பிட்டார்.

“அந்தத் தையல்காரர் கேஸை நீங்க பண்ணிடுங்க டாக்டர்... இல்ல இல்ல, திங்கட்கிழமை ஊர்ல இருப்பேன். எனக்குக் கை நடுங்குது... ஆமா, கைதான். அடுத்த வாரக் கேஸ் எல்லாத்தையுமே மாத்திடுங்க. நரம்பு டாக்டர்கிட்ட எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைங்க.”

போனை வைத்தபோது மனைவி பின்னால் நின்றிருந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

உள்ளே மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“குட்டிம்மா, முதல் தடவை நீ ஆட்டல. அப்பா கைதான் ஆடிச்சு. உன்னைத் திட்டினது தப்புடா.”

“தெரியும்ப்பா. உங்க கையைப் பார்த்தேன்.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“பார்த்தியா? அப்புறம் ரெண்டாவது தடவை எதுக்கு நிஜமாவே மேஜையை ஆட்டினே?”

மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

“நான் ஆட்டலன்னு சொன்னதும் நீங்க ரொம்ப பயந்துட்டீங்கப்பா. அதான், அடுத்த தடவை நானே ஆட்டிட்டேன்.”